பழைய மாடல், புது விலை: நூறு வயது பிஸ்டலை இன்று மறுபடி செய்ய ஏன் இவ்வளவு செலவு?

உங்கள் பாட்டி வீட்டில் ஒரு சிங்கர் தையல் மெஷின் இருந்திருக்கலாம். கறுப்பு உடம்பு, தங்க எழுத்து, கீழே கால் மிதி. அந்த சிங்கர் கம்பெனி ஒரே ஒருமுறை பிஸ்டலும் செய்தது, தெரியுமா?

1940 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் சிங்கரிடம் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்தது. எம்1911ஏ1 ரகப் பிஸ்டல், வெறும் 500. போர் வந்தால் தையல் மெஷின் கம்பெனியால் துப்பாக்கி செய்ய முடியுமா என்று பழக்கிப் பார்ப்பதுதான் நோக்கம். தயாரிப்புத் திட்டம், கருவிகள், 500 பிஸ்டல் எல்லாம் சேர்த்து ஒப்பந்தத் தொகை சுமார் 2,79,000 டாலர்.

வகுத்துப் பாருங்க. ஒரு பிஸ்டலுக்கு ஏறக்குறைய 558 டாலர். அந்தக் காலத்தில் ஒரு புது ஃபோர்டு கார் விலையின் பெரும்பகுதி அது.

500ஐ முடித்ததும் சிங்கர் பிஸ்டல் வேலையை விட்டுவிட்டு, பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகள் பக்கம் போய்விட்டது. அது அமைத்த கருவிகளில் பெரும்பகுதி ரெமிங்டன் ராண்டுக்குப் போயிற்று. ஆமாம், நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'டக் டக்' என்று சத்தம் போட்ட அதே ரெமிங்டன். போர் முடிவதற்குள் அந்த டைப்ரைட்டர் கம்பெனி செய்து கொடுத்த பிஸ்டல்கள் சுமார் 9 லட்சம்.

துப்பாக்கியில் மாற்றமில்லை. வரைபடமும் அதேதான். ஆனால் 500 செய்பவரின் கணக்கு வேறு, 9 லட்சம் செய்பவரின் கணக்கு வேறு. பழைய பிஸ்டல்களை இன்று மறுபடி தயாரிப்பதன் செலவைப் புரிந்துகொள்ள இந்தக் கதையை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல் ஏறும் அடுக்குகள்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது துப்பாக்கி வாங்கச் சொல்லும் கட்டுரை இல்லை. உங்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒன்றைக் கையில்கூடப் பிடிக்கப் போவதில்லை. நானும் அப்படித்தான். ஆனால் 'பழைய பொருளை அதே தரத்தில் இன்று செய்ய முடியுமா, செய்தால் என்ன விலை ஆகும்' என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாக எண்களில் பதில் கிடைக்கிற தொழில் அதிகம் இல்லை. அதனால்தான் இந்த விலைப்பட்டியல்களை எடுத்து ஒரு ஷீட்டில் போட்டேன்.

மறுபதிப்பு என்றால் எது?

மூன்று வகை இருக்கிறது. குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, அசல் கம்பெனியே நிறுத்திய மாடலைத் திரும்பக் கொண்டுவருவது. கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் இதற்கு உதாரணம்.

இரண்டு, காப்புரிமை காலாவதியான பழைய வடிவத்தை வேறு கம்பெனி செய்வது. இத்தாலியின் உபெர்த்தி போன்ற கம்பெனிகள் இதையே தொழிலாகச் செய்கின்றன.

மூன்று, பெயரும் தோற்றமும் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி 2022இல் வெளியிட்ட ஹை பவர் இந்த வகை.

மூன்றுக்கும் செலவுக் கணக்கு வேறு வேறு. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே பொருள் போலத் தெரியும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

பணம் எங்கே போகிறது?

ஒரு பிஸ்டலை எடைக்குப் போட்டால் ஒரு கிலோ சொச்சம் எஃகு. அந்த எஃகின் விலை மொத்தச் செலவில் மிகச் சின்னப் பங்கு. மீதிப் பணம் ஐந்து இடங்களில் போகிறது.

முதலாவது, கருவி அமைப்பு. அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், அளவு சோதிக்கும் கேஜ், சிஎன்சி மெஷினுக்கான புரோகிராம். முதல் பிஸ்டல் வெளியே வருவதற்கு முன்பே இந்தப் பணம் செலவாகிவிடும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இந்த அமைப்புக்கு 10 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பிஸ்டல் மட்டும் செய்தால், ஒவ்வொன்றின் தலையிலும் 5 லட்சம் ரூபாய். 10,000 செய்தால் 10,000 ரூபாய். ஒரு லட்சம் செய்தால் வெறும் 1,000 ரூபாய். பொருள் மாறவே இல்லை, எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

இரண்டாவது, மெஷின் நேரம். பழைய பிஸ்டல்களின் உடல் ஒரு எஃகுக் கட்டியிலிருந்து குடைந்து எடுக்கப்பட்டது. முதலில் ஃபோர்ஜிங், அதாவது சூடாக்கி அடித்து ஏறக்குறைய வடிவத்துக்குக் கொண்டுவருவது. பிறகு கடைசல், மில்லிங் என்று படிப்படியாகச் சீவி எடுப்பது. கட்டியின் பெரும்பகுதி சீவலாகக் கீழே விழுந்துவிடும். 1980களில் வந்த ஆஸ்திரியாவின் கிளாக் பிஸ்டலோடு ஒப்பிட்டுப் பாருங்க. அதன் உடல் பாலிமர். உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தினால் சில நிமிடங்களுக்குள் ஒரு உடல் தயார். மொத்தம் 34 பாகங்கள்தான். ஒரு பக்கம் மணிக்கணக்கு, இன்னொரு பக்கம் நிமிடக்கணக்கு. மெஷினுக்கு வாடகை மாதிரி நேரத்துக்குக் காசு ஓடுகிறது என்று நினைத்தால், வித்தியாசம் தானாகப் புரியும்.

மூன்றாவது, கை வேலை. இதுதான் ரொம்பப் பேருக்குப் புரியாத இடம். பழைய வரைபடங்களில் பாகங்களின் அளவில் விட்டுக்கொடுப்பு இருக்கும். கடைசியில் ஒரு ஃபிட்டர் அரத்தால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் ராவி, ஒன்றோடு ஒன்று உட்கார வைப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வடிவமைப்பே இருந்தது. உங்கள் வீட்டில் யாராவது ஐடிஐயில் ஃபிட்டர் படித்திருந்தால் கேட்டுப் பாருங்க. முதல் வருஷம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை ராவி ராவிச் சதுரமாக்கியதைச் சொல்வார். அந்தக் கைப்பழக்கத்துக்கு இன்று சம்பளம் அதிகம், ஆளோ குறைவு.

நான்காவது, முடிப்பு. பளபளவென்று ஆழ்ந்த நீலக் கறுப்பில் மின்னும் பழைய ரிவால்வர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது பெயின்ட் இல்லை. மெருகு எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவுதான் நிறத்தின் ஆழம். மெருகு என்றால் சக்கரத்தின் முன் நிற்கும் ஒரு மனிதர். ஒரு விளிம்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் அந்தத் துண்டு போச்சு.

ஐந்தாவது, தொழிற்சாலைக்கு வெளியே உள்ள செலவு. சோதனை, உரிமம், காப்பீடு, வரி. இத்தாலியில் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கு உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ 10 சதவீதம் கலால் வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது என்பது ஒரு சுவாரஸ்யமான உபரித் தகவல்.

இனி இந்த ஐந்தையும் நிஜ உதாரணங்களில் பார்ப்போம்.

லூகர்: செய்தவர்களுக்கே கட்டுப்படியாகாத பிஸ்டல்

இரண்டாம் உலகப்போர் படங்களில் ஜெர்மன் அதிகாரி கையில் இருக்கும் அந்தச் சாய்ந்த கைப்பிடிப் பிஸ்டல்தான் லூகர். 1900இல் சுவிட்சர்லாந்து ராணுவம் எடுத்துக்கொண்டது. 1908இல் ஜெர்மன் ராணுவம். சுடும்போது மேலே முழங்கால் மடங்குவது போல ஒரு மூட்டு மடங்கி எழும். பார்க்க அழகு. ஆனால் செய்பவருக்குத் தலைவலி. மூட்டின் ஒவ்வொரு துண்டும் துல்லியமாகச் சீவி எடுக்கப்பட்டு, ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும்.

செலவு அதிகம் என்ற புகார் இன்று நேற்று வந்ததில்லை. சுவிஸ் அரசு 1929இலேயே வடிவத்தை எளிமையாக்கிச் செலவைக் குறைக்கப் பார்த்தது. போதவில்லை. 1949இல் வேறு பிஸ்டலுக்கு மாறியது. ஜெர்மனியும் 1938இல், விரைவாகவும் மலிவாகவும் செய்யக்கூடிய வால்தர் பி38க்கு மாற ஆரம்பித்தது. போர்க்காலத்தில் ஆளும் நேரமும் கிடைக்காத ஒரு நாடு, அழகான பிஸ்டலை விட்டுவிட்டு வேகமாகச் செய்ய முடிகிற பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது.

அப்போ இன்றைக்கு அதை எப்படிச் செய்வது? 1960களின் இறுதியில் மௌசர் கம்பெனி லூகரை மறுபடி தயாரிக்க முடிவெடுத்தபோது, புதிதாகக் கருவி அமைக்கவில்லை. சுவிட்சர்லாந்திடம் மீதமிருந்த பழைய கருவிகளை வாங்கியது. அதனால்தான் அந்தக் காலத்து மௌசர் மறுபதிப்புகள் ஆரம்பத்தில் ஜெர்மன் லூகர் போல இல்லாமல் சுவிஸ் லூகர் போல இருந்தன. வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, கருவி கொடுத்தது இன்னொன்று! முதல் செலவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இன்னொரு எல்லைக்குப் போவோம். 1930களில் ஜெர்மன் விமானப்படைக்கு லூகர் செய்து கொடுத்த கிரீக்ஹாஃப் என்ற கம்பெனி, இந்த நூற்றாண்டில் அசல் முறையிலேயே 200 லூகர் செய்ய முன்வந்தது. ஒன்றின் விலை சுமார் 17,500 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 15 லட்சம் ரூபாய். பேராசை விலை என்று தோன்றலாம். ஆனால் மேலே போட்ட கற்பனைக் கணக்கைத் திரும்பப் பாருங்க. 200 என்ற எண்ணிக்கைதான் அங்கே விலை பேசுகிறது.

பைத்தான்: ஆளைக் குறைத்துத் திரும்பி வந்தது

கோல்ட் பைத்தான் 1955இல் வந்தபோது விலை 125 டாலர். உள்ளே இருக்கும் இயக்கத்தை அனுபவமிக்க ஃபிட்டர்கள் கையால் பொருத்தினார்கள். அதன் நீல மெருகு ஒரு தனி அடையாளம். காலப்போக்கில் அந்தக் கைகள் ஓய்வு பெற்றன. சம்பளம் ஏறியது. கோல்ட் 1992இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பைத்தான் வழக்கமான உற்பத்தியிலிருந்து மெல்ல விலகி, 2000களின் நடுவில் முழுசாக நின்றுபோனது. நின்றதும் என்ன ஆகும்? பழைய பைத்தான்களின் விலை ஏலத்தில் பல மடங்கு ஏறியது.

2020 ஜனவரியில் கோல்ட் பைத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது. பட்டியல் விலை 1,499 டாலர்.

இங்கே ஒரு டேட்டா வேலை செய்வோம். 1955இன் 125 டாலரை அமெரிக்கப் பணவீக்கத்தோடு 2020க்குக் கொண்டுவந்தால் சுமார் 1,200 டாலர் வருகிறது. புதுசு 1,499. அதாவது உண்மையான விலை கால் பங்கு மட்டுமே ஏறியிருக்கிறது. 'அந்தக் காலத்தில் சல்லிசா கிடைச்சுது' என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பைத்தான் அன்றும் விலை உயர்ந்த பொருள்தான்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோல்ட் பழைய முறையில் செய்து இந்த விலைக்குக் கொடுக்கவில்லை. உள் இயக்கத்தை மாற்றி வடிவமைத்தது. பாகங்களில் 14ஐக் குறைத்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. நவீன சிஎன்சி மெஷினில் பாகங்கள் துல்லியமாக வந்துவிடுவதால், கையால் ராவிப் பொருத்தும் வேலை பெருமளவு குறைந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஃபிட்டரின் இடத்தில் புரோகிராமர் வந்து உட்கார்ந்தார். 1955இன் முறையிலேயே, இன்றைய சம்பளத்தில் செய்திருந்தால் இந்த விலை சாத்தியமே இல்லை.

சேகரிப்பாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம். 'பெயர் மட்டும் பைத்தான்' என்பார்கள். சுடுபவர்களுக்குக் கவலையில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் வாங்குவது வேறு வேறு பொருள்.

ஹை பவர்: ஒரே பிஸ்டல், மூன்று விலை

என் ஷீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வரிசை இது. ஒரு பரிசோதனை மாதிரி தானாக அமைந்துவிட்டது.

ஜான் பிரவுனிங் தொடங்கி, 1926இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தின் தியுதொனே சைவ் முடித்த பிஸ்டல் ஹை பவர். 1935இல் சேவைக்கு வந்தது. 80 வருஷத்துக்கு மேல் எஃப்என் அதைச் செய்துகொண்டே இருந்தது. 2018 தொடக்கத்தில், உற்பத்தி நின்றுவிட்டது என்ற செய்தி வந்தது. அடுத்த சில வருஷங்களில் மூன்று கம்பெனிகள் களத்தில் இறங்கின.

துருக்கியின் கிர்சான், அமெரிக்காவில் பட்டியல் விலை 550 டாலர் அளவில். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, 2021 அக்டோபரில் எஸ்ஏ-35 என்ற பெயரில், 699 டாலர். அசல் கம்பெனியான எஃப்என், 2022இல் ஹை பவர் என்ற பெயரிலேயே, 1,269 டாலரிலிருந்து.

ஏறக்குறைய ஒரே தோற்றம். விலையில் இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி. ஏன்?

கிர்சானுக்குத் துருக்கியின் சம்பள அளவு கைகொடுத்தது. அசலின் வடிவத்தை நெருக்கமாகப் பின்பற்றியதால் வடிவமைப்புச் செலவும் குறைவு. ஸ்பிரிங்ஃபீல்டும் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு, சேகரிப்பாளர்கள் நீண்ட காலமாகக் கேட்ட சில திருத்தங்களை மட்டும் செய்தது. எஃப்என் வேறு வழியில் போனது. உள்ளே புதிதாக வடிவமைத்து, குண்டு கொள்ளளவைக் கூட்டி, அமெரிக்காவின் தென் கரோலினாவில் செய்தது. பழைய ஹை பவரின் மேகசின் இதில் பொருந்தாது. புது வடிவமைப்பு என்றால் புதுக் கருவி, புதுச் சோதனை, புது முதல் செலவு. அதற்கு மேல் 'அசல் கம்பெனி' என்ற பெயருக்கும் ஒரு விலை.

நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது, கவனிச்சீங்களா? அப்பட்டமான நகல் மலிவாகவும், அசல்காரர் செய்த புது வடிவம் விலை அதிகமாகவும் முடிந்திருக்கிறது.

மலிவாகச் செய்வது எப்படி? இத்தாலி சொல்லும் பதில்

கௌபாய் படங்களில் வரும் ரிவால்வர், 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. கோல்ட் அதை 1940 வாக்கில் நிறுத்தியது. 1950களில் தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன. கேட்டவர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனி நகல் செய்ய ஆரம்பித்தது. அதைப் பார்த்த கோல்ட் 1956இல் திரும்ப வந்தது, 125 டாலர் விலையில்.

அதே நேரத்தில் ரூகர் என்ற கம்பெனி அதே தோற்றத்தில் பிளாக்ஹாக் என்ற ரிவால்வரை 87.50 டாலருக்குக் கொடுத்தது. ரகசியம், மெழுகு வார்ப்பு. மெழுகில் வடிவம் செய்து, அதன் மேல் பூச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்குச் செய்கிற அதே அடிப்படைதான். வார்ப்பிலேயே பெரும்பகுதி வடிவம் வந்துவிடுவதால், சீவி எடுக்க வேண்டிய உலோகமும், அதற்கான மெஷின் நேரமும் மிச்சம்.

இத்தாலியின் வழி இன்னொன்று. வடக்கே கார்டோனே வால் டிராம்பியா என்ற ஊர். பெரெட்டா கம்பெனி 1526 முதல் துப்பாக்கி செய்யும் பள்ளத்தாக்கு அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் தொடங்கவிருந்தபோது, அந்தக் காலத்து ரிவால்வர்களின் நகலுக்குக் கிராக்கி வரும் என்று ஒரு அமெரிக்க வியாபாரி கணித்து, இங்கே ஆர்டர் கொடுத்தார். 1959இல் ஆல்டோ உபெர்த்தி தொடங்கிய கம்பெனி அப்படித்தான் வளர்ந்தது. இன்று உபெர்த்தியின் கௌபாய் ரிவால்வர் பெரும்பாலும் 500 முதல் 700 டாலர். கோல்ட் தன் அசலுக்குக் கேட்பது 1,500 டாலருக்கு மேல்.

எப்படி முடிகிறது? அந்த ஊரிலேயே குழல் செய்பவர், வெப்பப் பதம் பார்ப்பவர், மெருகு போடுபவர், சோதனை நிலையம் எல்லாம் இருக்கிறது. திருப்பூரில் நூலிலிருந்து பட்டன் வரை சில கிலோமீட்டருக்குள் கிடைப்பது போல. அதோடு, ஒரே அடிப்படை உடலில் குழல் நீளம், கைப்பிடி, நிறம் மாற்றிப் பல மாடல்கள். கருவிச் செலவு ஒன்றுதான், விற்கும் பெயர்கள் நிறைய. 60 வருஷமாக அதே பொருளைச் செய்வதால் அந்த முதல் செலவு எப்போதோ கழிந்துவிட்டது.

பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் பக்கத்தில் மரிகினாவில் இருக்கும் ஆர்ம்ஸ்கோர், சிங்கர் செய்த அதே 1911 ரகத்தை இன்று 500 டாலர் அளவில் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. நூறு வருஷத்துக்கு மேலான வடிவம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பாகங்கள் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிசு. லூகரைப் போலவே வயதான வடிவம்தான், விலை மட்டும் 35இல் ஒரு பங்கு. வயதுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இது போதும்.

சரி, இந்தியாவில்?

நம்ம ஊரில் இந்தத் தொழில் இல்லை என்று நினைக்காதீங்க. நம் போலீஸார் இடுப்பில் நீங்கள் பார்க்கும் 9 எம்எம் பிஸ்டல் ஒரு மறுபதிப்புதான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்யும் அந்தப் பிஸ்டல், மேலே பார்த்த அதே 1935 ஹை பவர். போர்க்காலத்தில் கனடாவின் இங்லிஸ் கம்பெனி செய்த வடிவத்தின் வழியாக நமக்கு வந்தது.

பொதுமக்களுக்கான கதை வேறு. 9 எம்எம், .38 போன்ற சேவை ரகங்கள் தனியாருக்குத் தடை. அதனால் உரிமம் பெற்ற இந்தியர்களின் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32. கான்பூர் அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்லி மார்க் 4 என்ற பழைய ரிவால்வரைத் தழுவியது. 2014இல் பெண்களுக்காக என்று அறிவித்து வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர், டைட்டானியம் கலவை உடலில் 500 கிராம் எடை. விலை 1,22,360 ரூபாய்.

வெப்லி கம்பெனியே 1979இல் துப்பாக்கி உற்பத்தியை நிறுத்தியிருந்தது. பிறகு அந்தப் பெயர் ஒரு இந்தியப் பங்காளியோடு உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் வந்து இறங்கியது. 2020 நவம்பரில் .32 ரிவால்வர் தயாரிப்பு பற்றிய செய்திகள் வந்தபோது சொல்லப்பட்ட விலை சுமார் 1.6 லட்சம் ரூபாய். நகல் எடுத்த நாட்டுக்கு அசலின் பெயர் தேடி வந்திருக்கிறது!

1.6 லட்சம் என்றால் அன்றைய மதிப்பில் 2,000 டாலருக்கு மேல். இத்தாலியின் உபெர்த்தி 700 டாலருக்குள் முடிக்கிறது. சம்பளம் குறைவான நாட்டில் ஏன் விலை அதிகம்?

மூன்று காரணம். ஒன்று, எண்ணிக்கை. உரிமம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்று. சின்னச் சந்தையில் முதல் செலவைப் பரப்பிப் போட இடமில்லை.

இரண்டு, போட்டி. 1980களின் நடுவிலிருந்து சாதாரணக் குடிமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்ட பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள் இன்று லட்சங்களில் கைமாறுகின்றன. அங்கே விலையைத் தீர்மானிப்பது போட்டி. இங்கே அனுமதி.

மூன்று, வரி. ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்க்கு வெளியே வரும் ரிவால்வர் முன்பு 1.28 லட்சம், இப்போது 1.40 லட்சம்.

இதையெல்லாம் மாற்றித் துப்பாக்கியை மலிவாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் மலிவாகக் கூடாது என்பது ஒரு நாடு தெரிந்தே எடுக்கும் முடிவு. உற்பத்திச் செலவு வேறு, விற்பனை விலை வேறு, இரண்டுக்கும் நடுவில் அரசின் கொள்கை இருக்கிறது என்பதை மட்டும் பிரித்துப் பாருங்கள் என்கிறேன்.

ஏன் இது உங்களுக்கு முக்கியம்?

2021 அக்டோபர் 1 அன்று, இந்தியாவின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய பழைய வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கான்பூர், இஷாப்பூரோடு நம்ம திருச்சித் தொழிற்சாலையும் இப்போது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வருகிறது. அதுவரை 'செலவு ஆனது இவ்வளவு' என்று கணக்குக் காட்டினால் போதும். இனி ஆர்டரும் லாபமும் காட்ட வேண்டும். லூகரை விட்டு பி38க்குப் போன அதே கேள்வி, பைத்தானில் ஃபிட்டரை எடுத்துவிட்டு சிஎன்சியை வைத்த அதே கேள்வி, இப்போது அந்தத் தொழிற்சாலைகளின் வாசலில் நிற்கிறது. எந்த வேலையைக் கையில் வைத்துக்கொள்வது, எதை மெஷினுக்குக் கொடுப்பது, எந்தப் பொருளை நிறுத்துவது?

நிறுத்துவது சுலபம். திரும்பத் தொடங்குவதுதான் கஷ்டம். பைத்தானின் வரைபடம் கோல்ட்டிடம் இருந்தது, பெயர் இருந்தது, கேட்பதற்கு ஆளும் இருந்தது. இருந்தும் 15 வருஷ இடைவெளிக்குப் பிறகு அதே பொருளைச் செய்ய முடியவில்லை. வேறு விதமாகத்தான் செய்ய முடிந்தது. காரணம், வரைபடத்தில் எழுதப்படாத பாதி அறிவு ஃபிட்டர்களின் விரல்களில் இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனபோது அதுவும் போய்விட்டது.

நீங்கள் கோடு எழுதுபவராக இருக்கலாம், கார் தொழிற்சாலையில் இருக்கலாம், மருந்துக் கம்பெனியில் இருக்கலாம். உங்கள் டீமில் 20 வருஷம் இருந்த ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்றால், அவர் எழுதி வைக்காதது என்ன என்று இன்றே கேட்டுவிடுங்கள். அதைப் பிற்பாடு காசு கொடுத்து வாங்கப் போனால், விலை 200 லூகர் கணக்கில்தான் வரும்.

சிங்கர் செய்த அந்த 500 பிஸ்டல்கள் என்ன ஆயின? மற்ற பிஸ்டல்களோடு சேர்ந்து போருக்குப் போயின. மிஞ்சியவற்றில் சில, ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன. செய்தபோது அதிகச் செலவு ஆனதற்கும், இன்று அதிக விலைக்குப் போவதற்கும் ஒரே காரணம்தான். மொத்தமே 500.